மொட்டுக்குள் இருப்பது இடம் மாறாமல் இருக்க

ஏற்காட்டில் காபி மொட்டு குளிர்காலத்திலேயே கணுக்களில் வந்து உட்கார்ந்துவிடும். நான்கிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வரை வளரும், அப்புறம் நின்றுவிடும். மாசி வெயில் ஏறி, மண் காய்ந்து, மத்தியானத்தில் இலைகள் துவண்டு தொங்கினாலும் மொட்டு அசையாது. மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு நல்ல கோடை மழை விழ வேண்டும். எஸ்டேட்காரர்கள் அதை பிளாசம் ஷவர் என்பார்கள். மழை விழுந்த எட்டு பத்து நாளில் மலைச்சரிவு முழுக்க ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்துவிடும். வாசனை ரோடு வரைக்கும் வரும்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இங்கே தோட்டம் வைத்திருக்கிற எல்லோரும் இந்த மழைக்காகத்தான் வானத்தைப் பார்க்கிறார்கள். மழை தவறினால் பூ தவறும், பூ தவறினால் அந்த வருட மகசூல் போயிற்று. 1960-ல் ஆல்விம் என்ற ஆய்வாளர் இதில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். மழை மட்டும் போதாது, அதற்கு முன்னால் செடி ஒரு வறட்சியைக் கடந்து வந்திருக்க வேண்டும். விடாமல் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியில் மொட்டுகள் உறக்கம் கலையாமலே கிடந்தன. 1970-ல் காபி மொட்டுக்குள் அப்சிசிக் அமிலம் இருப்பது அடையாளம் காணப்பட்டது. வறட்சியில் செடி உண்டாக்குகிற ஹார்மோன் அது. மொட்டு விரியும் பக்கம் ஜிப்ரலின் என்ற இன்னொரு ஹார்மோன் இழுக்கிறது, உறங்கும் பக்கம் அப்சிசிக் அமிலம் இழுக்கிறது என்று அன்றிலிருந்து பேசி வருகிறோம்.

எனக்கு வேண்டியது இன்னும் குறுகலான ஒரு பதில். மொட்டுக்குள் அந்த அமிலம் எங்கே இருக்கிறது? இதழிலா, சூலகத்திலா, காம்பிலிருந்து மேலே வரும் நரம்புக் குழாய்களைச் சுற்றியா? மழைக்கு முன்னால் இருந்த இடத்திலேயே மழைக்குப் பின்னாலும் இருக்கிறதா? மொட்டை அரைத்து அளந்தால் எவ்வளவு என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அதற்கு மெல்லிய சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில்தான் பார்த்தாக வேண்டும்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மைக்ராஸ்கோப் என்றதும் மாணவர்கள் முதலில் கேட்பது அதன் விலையை, அடுத்து அது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதை. மாதிரி தயாரிப்பு என்பது பார்ப்பதற்கு முன்னால் எப்படியாவது முடித்துவிட வேண்டிய வேலை என்ற எண்ணம் நம் ஆய்வகங்களில் ஊறிப்போயிருக்கிறது. ஹார்மோன் விஷயத்தில் இந்த எண்ணம் பெரிய கெடுதல். சாதாரண மைக்ராஸ்கோப்பும் நன்றாகத் தயாரித்த மொட்டும் இருந்தால் உண்மை தெரியும். கோடி ரூபாய்க் கருவியில் வைத்தாலும், தப்பாகத் தயாரித்த மொட்டு அழகான பொய்யைத்தான் காட்டும். எந்த லென்ஸில் பார்க்கப்போகிறோம் என்பதற்கு வெகு முன்னாலேயே, செடி பக்கத்தில் நிற்கும் முதல் சில நிமிடங்களில், பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த வேலையைப் பற்றி நிதானமாக எழுத நினைத்தேன்.

முதலில் அடிப்படை. ஒரு புரதத்தின் மூலக்கூறு எடை பெரும்பாலும் பல ஆயிரங்களில் இருக்கும். அப்சிசிக் அமிலத்தின் எடை 264, ஆக்சின் என்ற இன்னொரு செடி ஹார்மோனின் எடை 175. இவ்வளவு சின்ன மூலக்கூறு செல்லுக்குள் எதனோடும் இறுகக் கட்டுப்பட்டு இருப்பதில்லை. தண்ணீரோடு நகரும், ஆல்கஹாலில் சுலபமாகக் கரையும். நம் கல்லூரிகளில் வழக்கமாகச் செய்கிற முறையை நினைத்துப் பாருங்கள். ஃபார்மலினும் அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் துண்டைப் போடுகிறோம். அப்புறம் 50, 70, 95 என்று ஆல்கஹாலில் ஏற்றி, சைலீனுக்கு மாற்றி, மெழுகில் இறக்குகிறோம். செல்சுவர் பார்க்க, நியூக்ளியஸ் பார்க்க, நரம்புக் குழாய் பார்க்க இது அருமையான முறை. சுவரும் நியூக்ளியஸும் எங்கேயும் போகப்போவதில்லை. ஹார்மோன் இரண்டாவது பாட்டிலிலேயே கரைந்து வெளியே போய்விட்டிருக்கும். கடைசியில் ஸ்லைடில் இருப்பது ஆளில்லாத வீடு.

ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு ஹார்மோனைப் பிடித்துவைக்காதா என்று கேட்கலாம். அது முக்கியமாகப் பிடிப்பது மூலக்கூறில் நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதியை. புரதத்தில் அமினோ தொகுதி நிறைய இருப்பதால் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிவிடும். அப்சிசிக் அமிலத்தில் அது கிடையாது. இருப்பது கார்பாக்சில் தொகுதி. ஆக்சினும் ஜிப்ரலினும் இந்த விஷயத்தில் அதைப் போலத்தான். ஆகவே கார்பாக்சிலைப் பிடித்துப் பக்கத்துப் புரதத்தின் அமினோவோடு சேர்த்துக் கட்ட வேறொரு வேதிப்பொருள் தேவை. கார்போடைஇமைடு வகையைச் சேர்ந்த, நீரில் கரையும் இ.டி.சி. அந்த வேலையைச் செய்கிறது. கார்பாக்சிலைத் தூண்டிவிட்டு, அருகில் இருக்கிற அமினோவோடு நேரடியாகப் பிணைப்பு உண்டாக்கும். வேலை முடிந்ததும் தான் இடையில் நிற்காமல் விலகிக்கொள்ளும். ஹார்மோன் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்துப் புரதத்தோடேயே கட்டுப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு ஆல்கஹாலில் போட்டாலும் போகாது. ஃபார்மால்டிஹைடு அதற்குப் பின்னால் வரலாம், முன்னால் வரக்கூடாது. முன்னால் வந்தால் இ.டி.சி.க்குத் தேவையான அமினோ தொகுதிகளை எல்லாம் அது பிடித்துக்கொண்டுவிடும்.

சைட்டோகைனின் என்ற ஹார்மோனின் கதை வேறு. அதன் அடினைன் பகுதி ஆல்டிஹைடோடு சேரக்கூடியது என்பதால் அதற்கு ஆல்டிஹைடு வழிகளைப் பயன்படுத்துகிறார்கள். எத்திலீன் என்ற ஹார்மோனோ ஒரு வாயு. அதைப் பிடித்துவைக்க எந்தக் கரைசலும் இல்லை.

இ.டி.சி. பற்றி ஒரு வார்த்தை. அது ஈரம் குடிக்கும் பொடி. மைனஸ் 20 டிகிரியில், ஈரம் படாமல் வைக்க வேண்டும். ஒரு மே மாதத்தில் எங்களுக்கு வந்த பார்சலில் ஐஸ் பேக் எல்லாம் உருகி வெந்நீராக இருந்தது, உள்ளே பொடி கட்டி கட்டியாகப் பாகு பிடித்திருந்தது. விற்றவர்கள் அதை மாற்றித்தர மறுத்துவிட்டார்கள். நாங்கள் அதைப் பயன்படுத்தவில்லை. கெட்டுப்போன இ.டி.சி. எந்த எச்சரிக்கையும் தராது. மொட்டு நன்றாகவே கெட்டிப்படும், சீவலும் அழகாக வரும், ஹார்மோன் மட்டும் இருக்காது. நாமோ அந்தச் செல்லில் ஹார்மோன் இல்லை என்று எழுதிவைப்போம். நிதி குறைவான கல்லூரிகளில் காலாவதியான ரசாயனத்தைப் பரவாயில்லை என்று ஓட்டுகிற பழக்கம் உண்டு, அதன் கஷ்டமும் எனக்குத் தெரியும். இந்த ஒரு பாட்டிலில் மட்டும் அதைச் செய்யவே கூடாது என்பேன்.

தண்ணீரில் கலந்ததும் இ.டி.சி. சிதைய ஆரம்பிக்கும். அதனால் கலந்து எடுத்துக்கொண்டு மலை ஏற முடியாது. சேலத்திலேயே 0.3 கிராம் வீதம் சின்னக் குப்பிகளில் எடை போட்டு, சிலிக்கா ஜெல்லோடு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்வோம். பாஸ்பேட் பஃபர், அதாவது அமில-கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல், தனி பாட்டிலில் வரும். செடிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு குப்பிக்கு 10 மில்லி பஃபர் ஊற்றிக் கலக்கினால் 3 சதவீதக் கரைசல் தயார். ட்ரிஸ் பஃபர் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதில் அமினோ இருக்கிறது. அசிட்டேட்டும் வேண்டாம், அதில் கார்பாக்சில் இருக்கிறது. இரண்டுமே ஹார்மோனுக்குச் சேர வேண்டிய இ.டி.சி.யைத் தின்றுவிடும்.

ஏன் மலையிலேயே செய்ய வேண்டும், கிளையை ஒடித்து ஈரத்துணியில் சுற்றி சேலத்துக்குக் கொண்டுவந்து வசதியாகச் செய்யலாமே என்று புதிதாக வருகிற மாணவர்கள் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். பதில் 1969-லேயே வந்துவிட்டது. ரைட், ஹைரன் என்ற இருவர் கோதுமை இலையைப் பறித்து வாடவிட்டபோது, அந்த இலைக்குள் அப்சிசிக் அமிலம் பல மடங்கு ஏறியதைக் கண்டார்கள். நாம் தேடுகிற ஹார்மோனே வாடினால் கூடுகிற ஹார்மோன். ஒடித்த கிளை அந்த நிமிடத்திலிருந்து தண்ணீர் இழக்கிறது. ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வர ஒரு மணி நேரம் ஆகும். குளிரிலிருந்து கொதிக்கிற ஊருக்கு வரும் அந்த ஒரு மணி நேரத்தில் மொட்டு தன் கணக்கை முழுவதும் மாற்றி எழுதிவிடும். கீழே வந்து நாம் பார்ப்பது ஏற்காட்டு மொட்டை அல்ல, பயணம் செய்த மொட்டை.

அதனால் வேலை எல்லாம் சில்வர் ஓக் மரத்து நிழலில்தான். தரையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஐஸ் பெட்டி, பிளேடு, இடுக்கி, பெட்ரி தட்டு, ஊசி போடாத பெரிய சிரிஞ்சுகள். விடிந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். மத்தியானம் இலை துவளும்போது எடுத்த மொட்டையும் காலையில் எடுத்த மொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஒரே ரகம், ஒரே வயதுச் செடிகள். நாங்கள் எஸ்.795 செடிகளிலேயே எடுத்துவருகிறோம்.

எந்தச் செடி என்பதில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி ஒரு புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. அந்தத் தோட்டத்தில் வெகுகாலமாக வேலை செய்கிற ஒரு அக்கா, நான் ஒரு வரிசையில் மொட்டு எடுக்கப் போனபோது தடுத்தார். "அங்க வேண்டாம் கண்ணு. மேல தொட்டியிலிருந்து கசியற தண்ணி அந்த வரிசைக்குத்தான் போவுது. அந்தச் செடிங்க மழைய எதிர்பாக்காது, கண்டபடி ஒண்ணு ரெண்டு பூத்துக்கிட்டே இருக்கும்." போய்ப் பார்த்தால் வரிசையின் அடிமண் உண்மையிலேயே ஈரமாக இருந்தது. ஆல்விம் சொன்ன வறட்சியை அந்தச் செடிகள் அனுபவிக்கவே இல்லை. "அப்ப எது சரியாக் காஞ்ச வரிசைங்க அக்கா?" என்று கேட்டேன். சரிவின் மேல்புறம் பாறை ஒட்டிய வரிசைகளைக் காட்டினார். இப்போது எல்லா மாதிரிகளும் அங்கேயிருந்துதான் வருகின்றன. கசிகிற வரிசையையும் விடவில்லை. வறட்சி படாத செடி எப்படி இருக்கும் என்று காட்ட அதுவே ஒரு ஒப்பீடாகிவிட்டது. ஆய்வுக் கட்டுரையில் அந்த அக்காவுக்கு நன்றி சொல்லும் வரி கண்டிப்பாக இருக்கும்.

மொட்டை வெட்டுவதில் காபிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அதன் மொட்டுகளின் மேல் பிசின் மாதிரி ஒட்டும் பூச்சு படிந்திருக்கும், வெளிச் செதில்களில் உள்ள சுரப்பிகள் விடுவது. வறட்சியில் மொட்டு காயாமல் இருக்கச் செடிக்கு அது நல்லது. நமக்கு அது ஒரு மதில். கரைசல் உள்ளே போகாது. முழு மொட்டை அப்படியே போட்டால் வெளித்தோல் மட்டும் கெட்டிப்பட்டு, உள்ளே சூலகம் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே புது பிளேடால் நுனியையும் அடியையும் சீவிவிட வேண்டும். பெரிய மொட்டு என்றால் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். துண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. வெட்டுவதைக் கரைசலுக்குள் வைத்தே வெட்டுவது உத்தமம். பழைய பிளேடு நசுக்கும், நசுங்கிய செல் உள்ளே இருப்பதைப் பக்கத்துச் செல்லுக்குக் கொட்டிவிடும். பிளேடு விலை ஒன்றும் பெரிதில்லை, சில மொட்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது காற்று. இதழ்களுக்கு நடுவிலும் செல்களுக்கு இடையிலும் காற்று அடைத்திருக்கும். துண்டுகள் கரைசலில் மிதக்கும். ஆய்வகம் என்றால் வேக்வம் பம்ப் இருக்கிறது. தோட்டத்தில் சிரிஞ்ச்தான். கரைசலையும் துண்டுகளையும் 50 மில்லி சிரிஞ்சுக்குள் விட்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, முனையை விரலால் அடைத்து, தண்டைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் போதும். வெட்டுவாயிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் சரசரவென்று மேலே வரும். மெதுவாக விட்டால் காற்று இருந்த இடத்துக்குள் கரைசல் போகும். இப்படி மாறி மாறிச் செய்ய, துண்டுகள் ஒவ்வொன்றாக அடியில் போய் உட்காரும். மூழ்கினால் கரைசல் உள்ளே போயிற்று என்று அர்த்தம், மிதப்பதை மறுபடி இழுக்க வேண்டும். இதற்குக் கரண்ட் வேண்டாம், கருவி வேண்டாம். பள்ளி மாணவர்கள்கூடச் செய்யலாம். கையுறை மட்டும் கட்டாயம்.

துண்டின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு கரைசல் இருக்க வேண்டும். குப்பி ஐஸ் பெட்டிக்குள் போனதும் இரண்டு மணி நேரக் கணக்கு ஆரம்பிக்கிறது. கீழே இறங்குகிற பயணத்தை அந்த நேரத்துக்குள் அடக்கிவிடுகிறோம். வண்டி வளைவில் திரும்பும்போது மொட்டுக்குள் கட்டு விழுந்துகொண்டிருக்கும். சேலம் வந்ததும் பஃபரில் கழுவி, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் இரவு முழுக்க 4 டிகிரியில். அந்தக் கரைசலை முந்தின நாள் மாலையே புதிதாகத் தயாரித்துவைக்க வேண்டும். பொடியைப் பஃபரில் 60 டிகிரி வரை சூடாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டு விட்டால் பால் நிறம் தெளியும். ஆறவிட்டு பி.எச். 7.2-க்குக் கொண்டுவர வேண்டும். புகை போக்கும் அறைக்குள்தான், வெளியே மேஜையில் வைத்துச் செய்யக்கூடாது. ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. கண் எரிந்தால் சரியாகிவிடும் என்று மாணவர்களை அதன் முன்னால் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆல்கஹாலில் ஏற்றுவதும் மெழுகில் இறக்குவதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற வேலை. அவசரப்படாமல் செய்தால் போதும். நான் சொல்ல விரும்புவது சேலத்து வெயிலைப் பற்றி. நோய்த்தடுப்பியல் முறையில், அதாவது ஆன்டிபாடி வைத்து, ஹார்மோன் பார்ப்பவர்கள் பலர் ஸ்டீட்மன் மெழுகை விரும்புகிறார்கள். 37 டிகிரியை ஒட்டி உருகும் என்பதால் திசுவுக்குச் சூட்டுத் தொல்லை குறைவு. எங்கள் ஊரில் ஏப்ரல் மத்தியானம் வெளியே நிழலிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. ஏசி இல்லாத அறையில் அந்த மெழுகுக் கட்டி மேஜையிலேயே கரைந்து ஓடும். ஆகவே 56-லிருந்து 58 டிகிரியில் உருகும் சாதாரண பாரஃபின்தான் எங்களுக்கு வழி. இ.டி.சி. உண்டாக்கிய அமைடு பிணைப்பு அந்தச் சூட்டைத் தாங்கும், அது பெரிய நிம்மதி. ஆனால் பாரஃபினும் வெயிலில் இளகிவிடும். சீவல் வெட்டும் கருவியான மைக்ரோடோமின் கத்தியில் பட்டதும் சீவல் சுருங்கி ஒன்றின்மேல் ஒன்று மடங்கும். விடியற்காலையில் வெட்டுங்கள். கட்டியை ஐஸ் மேல் சிறிது நேரம் கவிழ்த்து வைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள். 8 மைக்ரான், 10 மைக்ரானில் சீவல்கள் ஒட்டிச் சேர்ந்து ரிப்பனாக நீளமாக வரும். கோடையில் எங்கள் துறையில் மைக்ரோடோம் சக்கரம் சுற்றும் சத்தம் காபி குடிப்பதற்கு முன்னாலேயே கேட்க ஆரம்பித்துவிடும்.

சீவல் ஒட்டிக்கொள்வதற்காகப் பாலிலைசின் பூசிய ஸ்லைடில் ரிப்பனை மிதக்கவிட்டு ஒட்டி, உலரவைத்து, மெழுகை எடுத்த பிறகுதான் எதிர்ப்பொருள், அதாவது விலங்கின் உடம்பில் உருவாகி, குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி, வருகிறது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் வியப்பு உண்டு. ஹார்மோன் அவ்வளவு சின்னது என்பதால் ஒரு விலங்கின் உடம்பு அதைக் கண்டுகொள்வதே இல்லை. தனியாக ஊசி போட்டால் எதிர்ப்பொருள் உருவாகாது. அதனால் ஒரு பெரிய புரதத்தோடு சேர்த்துக் கட்டித்தான் போடுகிறார்கள். அப்சிசிக் அமிலத்தை அதன் கார்பாக்சில் வழியாகப் புரதத்தில் கட்டி உருவாக்கிய எதிர்ப்பொருள், கார்பாக்சில் பக்கம் கட்டுப்பட்ட நிலையில் இருக்கும் அப்சிசிக் அமிலத்தைத்தான் நன்றாக அடையாளம் காணும். நாமும் தோட்டத்தில் இ.டி.சி. வைத்து அதே கார்பாக்சில் பக்கமாகத்தானே கட்டினோம்! விலங்கின் உடம்பு பழகிய உருவமும் மொட்டுக்குள் இருக்கும் உருவமும் ஒன்றாகிவிடுகின்றன. எதிர்ப்பொருள் வாங்கும்போது அது எந்தப் பக்கம் கட்டி உருவாக்கியது என்று கேட்டு வாங்குங்கள். வேறு பக்கம் கட்டியதை வாங்கிவிட்டால், செய்த வேலை எல்லாம் சரியாக இருந்தும் ஸ்லைடு வெறுமையாக நிற்கும். இன்னொன்றும் உண்டு. கார்பாக்சில் பக்கம் கட்டி உருவாக்கிய எதிர்ப்பொருள், செடி சர்க்கரையோடு சேர்த்துச் சேமித்துவைக்கும் அப்சிசிக் அமிலத்தையும் பிடிக்கக்கூடும். நாம் பார்ப்பது சுதந்திரமாக இருக்கும் ஹார்மோன் மட்டும்தான் என்று அடித்துச் சொல்வதற்கில்லை.

நிறம் எப்படிக் காட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒளிரும் சாயம் வைத்து எடுக்கும் படங்கள் கண்ணைப் பறிக்கும், பத்திரிகைகளும் விரும்பும். காபித் திசுவுக்கு அது சரிப்படாது என்பது என் அனுபவம். காபியில் குளோரோஜெனிக் அமிலம் ஏராளம். அது தானாகவே ஒளிரும். நரம்புக் குழாய்ச் சுவரில் உள்ள லிக்னினும் ஒளிரும், பச்சையமும் ஒளிரும். ஹார்மோனே இல்லாத செல்கூட விளக்கேற்றிய மாதிரி தெரியும். முதல் எதிர்ப்பொருளைப் பிடிக்கிற, அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி சேர்த்த இரண்டாம் எதிர்ப்பொருளை வைத்து ஊதா நிறம் வரவழைத்தால் சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும். கல்லூரிகளில் இருப்பதும் அதுதான். ஒளிரும் முறை வேண்டும் என்றால், எந்த எதிர்ப்பொருளும் படாத சீவலை முதலில் பார்த்து அதன் சொந்த ஒளி எவ்வளவு என்று படம் எடுத்துவையுங்கள்.

இனிச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமானது. ஊதா நிறம் வந்துவிட்டது, சரி. அது ஹார்மோன்தான் என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு நாளும் ஓட்டுகிற ஸ்லைடுகளில் பாதிக்கு மேல் ஒப்பீட்டு ஸ்லைடுகளாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன். ஒன்றில் முதல் எதிர்ப்பொருளை விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்ய வேண்டும். அதிலும் நிறம் வந்தால் அது இரண்டாம் எதிர்ப்பொருள் கண்ட இடத்தில் ஒட்டியதாலோ, செடியின் சொந்த நொதியாலோ வந்த நிறம். இன்னொன்றில் எதிர்ப்பொருளை முன்கூட்டியே அப்சிசிக் அமிலம் கட்டிய புரதத்தோடு நிறையக் கலந்துவைத்துப் போட வேண்டும். அதன் பிடிக்கும் இடமெல்லாம் நிரம்பிவிட்டதால் ஸ்லைடில் ஒட்டக்கூடாது. மூன்றாவது, அதே செடியில் அதே காலையில் எடுத்து இ.டி.சி. இல்லாமல் ஃபார்மால்டிஹைடில் மட்டும் போட்ட மொட்டு. அதில் ஹார்மோன் கழுவிப் போயிருக்க வேண்டும், நிறம் குறைந்திருக்க வேண்டும். இ.டி.சி. போட்டதிலும் போடாததிலும் ஒரே அளவு ஊதா வந்தால், நாம் ஹார்மோனைப் பார்க்கவே இல்லை. அப்புறம், ஒரு காபி இலையை வேண்டுமென்றே வாடவிட்டுக் கட்டிய ஸ்லைடு. அதில் அப்சிசிக் அமிலம் ஏறியிருக்கும் என்று 1969-லிருந்தே தெரியும். அதில்கூட நிறம் வரவில்லை என்றால் மொட்டில் வராததற்கு எந்த அர்த்தமும் கிடையாது.

இந்த நான்கையும் ஒரு மாணவி முதல்முறை வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, "மேடம், நம்ம மொட்டு ஸ்லைடு ஒண்ணுதான் இருக்கு, மத்ததெல்லாம் கன்ட்ரோலாவே இருக்கே" என்று தயங்கினாள். "அந்த ஒண்ண நம்பறதுக்குத்தாம்மா மத்த நாலும்" என்றேன். எதிர்ப்பொருள் விலை அதிகம், ஒரு சொட்டு ஒரு சொட்டாகத்தான் செலவழிக்கிறோம். அப்படியும் ஒப்பீட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது. சுற்றிலும் வெளிறிய ஸ்லைடுகள் இல்லாமல் ஒரே ஒரு ஊதாப் படத்தை மட்டும் போட்டு வருகிற ஆய்வுக் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அந்தப் படங்களைப் பாடத்தில் காட்டுவதையும் நிறுத்திவிட்டேன்.

ஒப்பீடெல்லாம் சரியாக வந்தாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. இ.டி.சி. வெளியிலிருந்து உள்ளே போக நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் நடுவில் இருக்கும் ஹார்மோன் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம். அதிவேகமாக உயரழுத்தத்தில் உறையவைக்கும் கருவி இருந்தால் இந்தச் சந்தேகமே வேண்டாம், ஆனால் அதை மலைமேல் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடி வைத்து ஆய்வு செய்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 1997-ல் வந்த டி.ஆர்.5 மாதிரியான மரபணுக் குறிகள் ஆக்சினுக்குச் செல் எங்கே பதில் சொல்கிறது என்று காட்டுகின்றன. அப்சிசிக் அமிலத்துக்கு உயிருள்ள செல்லுக்குள்ளேயே ஒளியை மாற்றிக் காட்டும் உணரிகள் 2014-ல் வந்தன. காபியில் அப்படி ஒரு செடியை உருவாக்கி, அது பூக்கும் வயது வரும்வரை வளர்க்க வருடக்கணக்கில் ஆகும். அதுவும் ஆய்வகத் தொட்டியில்தான் வளர்க்க முடியும். கோடை மழைக்காகக் காத்திருக்கிற சேர்வராயன் மலைச் சரிவு அங்கே இருக்காது. மலையில் நிற்கிற செடியைக் கேட்க, இன்றைக்குப் பிளேடும் சிரிஞ்சும் இ.டி.சி. குப்பியும்தான் இருக்கின்றன.

நிறம் அடர்த்தியாக இருக்கிறது என்பதால் ஹார்மோன் அதிகம் என்று படித்துவிடவும் முடியாது. புரதம் நிறைந்த இளம் செல்லில் கட்ட இடம் அதிகம், அங்கே நிறமும் அதிகமாகத் தெரியும். எங்கே என்பதற்கு ஸ்லைடு, எவ்வளவு என்பதற்கு, மூலக்கூறுகளை எடையை வைத்துப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானி. இரண்டும் ஒரே மொட்டைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் ஸ்லைடுகளில் தெரிவதை இங்கே எழுதாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். அளவீடு வராமல் அதை வெளியே சொல்வது சரியில்லை.

காபியில் இலைகள் எதிரெதிராக இருப்பதால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு பக்கமும் மொட்டுக் கொத்து இருக்கும். அடுத்த கோடைக்கு அதைத்தான் பயன்படுத்தப்போகிறோம். ஒரு பக்கத்து மொட்டு இ.டி.சி. குப்பிக்கு, மறுபக்கத்து மொட்டு அதே நிமிடத்தில் திரவ நைட்ரஜனுக்கு. கால்நடைகளுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் வைத்திருக்கும் நைட்ரஜன் கேன் மாதிரி ஒன்றை வண்டியில் சாயாமல் கட்டி மேலே கொண்டுபோக ஏற்பாடு நடக்கிறது. இரண்டு குப்பியிலும் ஒரே கணு எண். பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.